ஜுபைல்காரர் பார்த்த புள்ளி

தப்பு கண்டுபிடிப்பது என் தொழில். அல் ஐனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். வெல்டிங்கில் ஊசித்துளை, கான்கிரீட்டில் விரிசல், பெயிண்டில் கொப்புளம் என்று எதைப் பார்த்தாலும் உடனே ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். சைட்டுக்குள் என் வண்டி நுழைந்தால் ஃபோர்மேன்களின் முகம் சுண்டிவிடும். பதினெட்டு வருஷமாக இதையே செய்துவந்தால், தன் கண்ணுக்குத் தப்பியது உலகத்தில் எதுவும் இல்லை என்று மனிதனுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. அந்தத் திமிரால் ஒரு மனிதருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை நேரம் போக நான் போர் விமானம் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டரில்தான். அதை வீடியோ கேம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களை அச்சு அசலாகச் செய்துவைத்திருக்கும் சிமுலேட்டர் அது. இன்ஜினைச் சூடாக்க வேண்டும், காற்றின் திசை பார்த்து மேலே ஏற்ற வேண்டும், அவசரப்பட்டுத் திருப்பினால் சுற்றிக்கொண்டே கீழே விழ வேண்டும். ரேடார் கிடையாது. கழுத்தைத் திருப்பித் திருப்பி வானத்தைத் தேட வேண்டியதுதான். யார் யாரை முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் பிழைப்பார்கள். அடிபட்டு விழுகிறவனுக்குப் பெரும்பாலும் தன்னைச் சுட்டது யார் என்றே தெரியாது.

எங்கள் குழுவில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் தமிழர்கள், எல்லோரும் வளைகுடாவில் ஏதோ ஓர் ஊரில் பிழைக்கிறவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ரேடியோவில் கூப்பிட ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டோம். நான் அல் ஐன். சில பேருக்கு நான் அல் ஐன் சார். ராஸ் அல் கைமா என்றால் அங்கே ஒரு செராமிக் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த திருநெல்வேலிக்காரர். ஜுபைல் என்றால் அங்கே பெட்ரோகெமிக்கல் பிளாண்டில் சாரம் கட்டும் வேலை செய்த சிவகங்கைப் பக்கத்துக்காரர். எமிரேட்ஸ்காரர்களுக்கு வாரவிடுமுறை சனி, ஞாயிறு ஆனபிறகு, சவுதியில் வெள்ளி மட்டும் லீவு உள்ளவர்களோடு சேர ஒரே ஒரு நேரம்தான் மிஞ்சியது. எங்களுக்கு அரை நாள் வேலை முடியும் வெள்ளிக்கிழமை பிற்பகல். எங்களுக்கு நான்கு மணி, அவர்களுக்கு மூன்று.

குழுவுக்கு விதிமுறை எழுதியது நான். வேறு யார் எழுதுவார்கள்? பதினான்கு விதிகள். எதிரி விமானத்தின் தலைக்கு மேல் பெயரும் தூரமும் காட்டும் வசதி கூடாது. வெளியே நின்று தன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் காமிரா கூடாது. விளையாட்டின் ஃபைல்களில் கைவைக்கக் கூடாது. விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடிக் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுமட்டுமே எல்லோருக்கும் தெரிய வேண்டும், அதுதான் நியாயம் என்று முகவுரை வேறு எழுதியிருந்தேன். சாரோட சட்டப் புத்தகம் என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஜுபைல்காரர் சேர்ந்த முதல் மாதமே எல்லோருக்கும் ஆச்சரியமாகிவிட்டார். விமானம் ஓட்டுவதில் பெரிய சூரர் இல்லை. இறங்கும்போது சக்கரத்தை உடைப்பார். ஆனால் அவர் கண்! நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். ரேடியோவில் அவர் குரல் நிதானமாக வரும்: வலது பக்கம் கீழே, கடலுக்கு மேல் ரெண்டு வருது சார், இன்னும் தூரத்தில்தான் இருக்கு என்பார். நான் திரையில் மூக்கை வைத்துத் தேடுவேன். ஒன்றுமே இருக்காது. அரை நிமிஷம் கழித்து, அவர் சொன்ன அதே இடத்தில் இரண்டு புள்ளிகள் முளைக்கும். எத்தனையோ தடவை அவரால் பிழைத்திருக்கிறேன். அவர் எப்படிப் பார்க்கிறார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. சாரத்தின் உச்சியில் நின்று வேலை செய்கிற கண் அப்படித்தான் இருக்கும் என்று நானே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு ஹெட்செட் கிடையாது. லேப்டாப்பின் ஸ்பீக்கரில் எங்கள் பேச்சைக் கேட்பார், அதிலுள்ள மைக்கிலேயே பேசுவார். கம்பெனியின் லேபர் கேம்ப்பில் ஆறு பேர் இருக்கும் ரூம். அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஃபேன் சத்தம், யாரோ குக்கர் விசில் எண்ணுவது, யாரோ வீட்டுக்குப் போனில் பேசுவது எல்லாம் கேட்கும். சண்டை சூடு பிடித்தால் ரூமில் இருப்பவர்களும் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர் ஒரு விமானத்தை வீழ்த்தினால் ஐந்து பேர் கைதட்டும் சத்தம் எங்கள் காதில் விழும். வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி செய்கிற மனிதருக்கு வெள்ளிக்கிழமை கிடைத்த அந்தக் கைதட்டல் எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறது.

பிறகு போட்டி வைத்தோம். எமிரேட்ஸ் ஓர் அணி, சவுதியும் மற்ற ஊர்களும் இன்னோர் அணி. யோசனை என்னுடையதுதான். அதுவரை என் பக்கம் இருந்த கண் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று முறை என்னைச் சுட்டு வீழ்த்தினார். மூன்றாவது முறைதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் நல்ல உயரத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் உள்ளபடி காத்திருந்தேன். அவர் கீழே வெகு தூரத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார், அது பிறகுதான் பதிவில் தெரிந்தது. திடீரென்று மூக்கைத் திருப்பி நேராக என்னை நோக்கி ஏற ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தபோது குண்டுகள் என் இறக்கையில் பட்டுக்கொண்டிருந்தன. ரேடியோவில் அந்த ரூமின் கைதட்டல் கேட்டது.

அன்றைக்கே பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். சண்டை முழுவதையும் விளையாட்டு சேமித்து வைக்கும், யார் இடத்தில் இருந்தும் மறுபடி பார்க்கலாம். ஜுபைல்காரரின் இருக்கையில் இருந்து, அவர் திரும்பிய அந்த நொடியில் நிறுத்தினேன். என் மேஜையில் இருந்தது அகலமான, வளைந்த, புத்தம் புதுத் திரை. சந்தையில் அதைவிடத் துல்லியமானது அப்போது அதிகம் இல்லை. அதில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேடினேன். வெறும் நீல வானம். என் திரையிலேயே தெரியாதது, கேம்ப்பில் இருப்பவர் திரையில் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை நான் இதே சொற்களில்தான் கேட்டுக்கொண்டேன். அது கேள்வி மாதிரி இருந்தது, ஆனால் நான் பதிலை முன்னாலேயே எழுதிவிட்டிருந்தேன்.

சைட்டில் செய்வதைப்போலவே ஒரு படிவம் தயாரித்தேன். குறை என்ன, எப்போது கண்டறியப்பட்டது, ஆதாரம் என்ன, விதி எண் எத்தனை. மூன்று நொடிகளின் படங்களை இணைத்தேன். எங்கள் நிர்வாகிகள் குழுவில் நானும் ராஸ் அல் கைமாக்காரரும்தான். அவர் அதை இரண்டு முறை படித்தார். கடைசியில், "அவரு ஸ்கிரீன்ல எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவ பாத்துருவோமே சார்," என்றார்.

நியாயமான கோரிக்கை. அதனால் ஜுபைல்காரரிடம் அவரது திரையைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அவருடைய பழைய லேப்டாப் விமானத்தை ஓட்டுவதற்கே மூச்சு வாங்கும், கூடவே பதிவும் செய்தால் நின்றுவிடும். நேரலையில் காட்டச் சொன்னால் கேம்ப் நெட் இழுக்காது. இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு, ரூமில் இருந்த ஒருவரைக் கட்டிலில் நிற்கவைத்து, போனில் தன் முதுகுக்குப் பின்னால் இருந்து படமெடுக்கச் சொல்லி அனுப்பினார். அதில் மேல் கட்டிலில் இருந்து தொங்கும் இரண்டு கால்கள், கயிற்றில் காயும் டியூட்டி உடுப்பு, லேப்டாப்போடு இணைத்த அழுக்கடைந்த ஒரு சின்னச் சதுரத் திரை, அதற்கு முன்னால் வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு பின்தலை. முதல் முறையாக அவரைப் பார்த்தேன். அவர் விரலைத் திரையில் வைத்து, இதோ இங்கே, இங்கே என்று காட்டிக்கொண்டே இருந்தார். வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த அந்த வீடியோவில் அவர் விரல் மட்டும்தான் தெரிந்தது. விரலுக்கு அடியில் எந்தப் புள்ளியும் இல்லை.

நான் அதை ஆதாரம் எண் நான்கு என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் ரேடியோவில் இருக்கும்போது தீர்ப்பைப் படித்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் பக்கம் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, குக்கர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் குரல் அந்த ரூமில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். விளையாட்டின் ஃபைல்களை மாற்றியதன் மூலம் மற்றவர்களுக்குத் தெரியாததைப் பார்த்திருக்கிறார், இது கள்ளாட்டம், ஆகவே நீக்கப்படுகிறார்.

ஜுபைல்காரர் சொன்னார்: "நான் ஒண்ணும் பண்ணல சார். என் ஸ்கிரீன்ல தெரியுது. உங்க ஸ்கிரீன்ல தெரியலன்னா நான் என்ன சார் செய்யட்டும்?"

யாரோ ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. உலகத்திலேயே துல்லியமான திரையில் தெரியாதது அவருடைய டப்பாவில் தெரிகிறதாம். கலாஸ், முடிந்தது என்று சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்தேன். அன்றைய சண்டையில் நான் இரண்டு பேரை வீழ்த்தினேன்.

இதற்கு நான்கைந்து மாதம் கழித்து, கோடையில், என் அறையின் ஏசி ஒழுகியது. குழாய் அடைத்துக்கொண்டு, நான் ஆபீசில் இருந்த நேரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வளைந்த திரையின் முதுகில் இறங்கியிருந்தது. சர்வீசுக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையை விட மனமில்லை. ஒரு காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புகளுக்காகத் தெரிந்தவர் கொடுத்த பழைய சதுரத் திரை ஒன்று பால்கனியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. தூசி தட்டி மாட்டினேன். காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள், மியூசியத்தில் இருந்து எடுத்து வந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

விமானத்தை மேலே ஏற்றி, பழக்கப்படி தலையைத் திருப்பினேன். கீழே, கரையோரமாக, கறுப்பாக ஒரு புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஏதோ திரையில் ஒட்டிய தூசி என்று விரலால் துடைத்தேன். துடைத்த இடத்தைத் தாண்டி அது நகர்ந்து போனது.

விஷயம் மிக எளியது. தூரத்தில் இருக்கும் விமானத்தை விளையாட்டு ஒரே ஒரு புள்ளியாக வரைகிறது. விலையுயர்ந்த திரையில் புள்ளிகள் லட்சக்கணக்கில் நெருக்கி அடுக்கப்பட்டவை. அங்கே ஒரு புள்ளி என்பது கேழ்வரகு மாவில் ஒரு துகள். பழைய சின்னத் திரையில் புள்ளிகள் குறைவு, ஒவ்வொன்றும் பருமன். அங்கே அதே புள்ளி முழுக் கேழ்வரகாகத் தெரியும். வெளிநாட்டு விமானிகளின் கருத்துக்களத்தில் தேடினால் இது வருஷக்கணக்காகப் பேசப்பட்டு வந்த சங்கதி. பத்து நிமிஷம் தேடியிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும்.

நான் அந்தப் பழைய பதிவைத் திறந்தேன். ஜுபைல்காரரின் இருக்கை, அவர் திரும்பிய அதே நொடி. மேலே, சூரியனுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், தெளிவாக ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி நான்.

அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது. தப்பு செய்தான், திருத்திக்கொண்டான் என்று போயிருக்கும். நான் சொல்லவில்லை. நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சோதனை என்றால் என்ன, அந்தத் திரையில் பறப்பதுதான். அடுத்த வெள்ளி பறந்தேன். அதற்கடுத்த வெள்ளியும் பறந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது. வலது பக்கம் கீழே, கடலுக்கு மேல் ரெண்டு என்று நான் சொல்ல, அரை நிமிஷம் கழித்து மற்றவர்கள் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார்கள். சாருக்கு ஞானக்கண் திறந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். அந்த ருசி பொல்லாதது.

வளைந்த திரை பத்து நாளில் சரியாகி வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வீடு பெருக்கும்போது துடைப்பம் இடித்த அன்று மனைவி கேட்டாள், "இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினதக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டு, அந்த ஓட்டைய ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க?" கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றேன். அவளிடமும் பொய்தான். இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒரு மனிதரைக் கள்ளாட்டக்காரர் என்று விரட்டிவிட்டு, அவரிடம் இருந்ததை எடுத்து நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சண்டை முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு ராஸ் அல் கைமாக்காரர் மட்டும் ரேடியோவில் இருந்தார். "சார், இப்பல்லாம் நீங்க ஜுபைல் மாதிரியே பாக்கறீங்க," என்றார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். மனதாரப் பாராட்டினார். அதுதான் என்னைக் கொன்றது. ஜுபைல்காரர் செய்த அதே வித்தையை நான் செய்கிறேன். இருபது பேரில் ஒருவர்கூட என் ஃபைலைக் காட்டு, வீடியோ அனுப்பு என்று கேட்கவில்லை. ஒருவர் மனதில்கூட அது தோன்றியிருக்காது. நான் அல் ஐன் சார், எனக்கு நல்ல திரை இருக்கிறது, சட்டப் புத்தகம் எழுதியவன். ஜுபைல்காரர் கேம்ப்பில் இருக்கும் சாரம் கட்டுகிறவர். என் படிவத்தில் ஆதாரம் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தேனே, உண்மையில் அவருக்கு எதிராக இருந்த ஆதாரம் இது ஒன்றுதான்.

ராஸ் அல் கைமாக்காரரிடம் அப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு மாதம் மறைத்ததையும் சேர்த்து. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் அந்த மனிதரிடம் சொல்லுங்கள், குழுவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

ஜுபைல் நம்பர் அணைந்து போயிருந்தது. பிளாண்டை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை முடிந்து அந்தக் கம்பெனி ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டதாம். ராஸ் அல் கைமாக்காரர் யார் யாரிடமோ கேட்டு ஊர் நம்பரை வாங்கிக் கொடுத்தார். கூப்பிட்டேன். அடுத்த விசாவுக்காக வீட்டில் காத்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும், சார், நல்லா இருக்கீங்களா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் திரையைப் பற்றி, புள்ளியைப் பற்றி, என் முட்டாள்தனத்தைப் பற்றி, அதைவிடக் கேவலமான அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன், திரும்பி வரவேண்டும் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "குரூப்ல சொல்லுங்க சார். ரூம்ல யாரு போயிச் சொல்லுவா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். நான் தீர்ப்புப் படித்த அன்று ரூமில் ஐந்து பேரும் இருந்திருக்கிறார்கள். படித்த மனுஷர், இன்ஸ்பெக்டர், அவ்வளவு விவரமாகச் சொல்கிறார், சும்மாவா சொல்வார் என்று பேசிக்கொண்டார்களாம். முதலில் கிண்டலாகத்தான் இருந்தது. ரம்மி ஆட உட்கார்ந்தால் அண்ணன் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். அப்புறம் ரூமில் ஒருவருடைய பவர் பேங்க் காணாமல் போனது.

"யாரும் என்னய ஒரு வார்த்த கேக்கல சார். எல்லாரும் ஒரு நேரத்துல என் பெட்டியப் பாத்தாங்க. அம்புட்டுத்தான்," என்றார்.

அவரே பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். வேண்டாம்ணே, வேண்டாம்ணே என்றுகொண்டே பார்த்தார்களாம். இரண்டு நாள் கழித்து அந்தப் பவர் பேங்க் அதன் சொந்தக்காரரின் மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் கேம்ப் பாஸிடம் கெஞ்சி வேறு ரூமுக்கு மாறிக்கொண்டார். விளையாட்டுக் கைப்பிடியை யாருக்கோ கொடுத்துவிட்டார். இனிமேல் விமானம் எல்லாம் வேண்டாம் சார், ஆசை விட்டுப்போச்சு என்றார். பிறகு, விடுங்க சார், நீங்க வேணும்னேவா செஞ்சீங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் அன்று அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழத்தான் வேண்டும்.

குழுவில் சொன்னேன். எழுதியும் போட்டேன், அந்தப் படிவத்தை ரத்து செய்தேன், நிர்வாகத்தில் இருந்தும் விலகினேன். எல்லோரும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். எவ்வளவு நேர்மை சார் உங்களுக்கு என்று இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். ஆனால் ஜுபைல்காரர் கேட்டது குழுவை அல்ல. அவருக்கு மறுபடி போன் செய்து, அந்த ரூம்காரர்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். எதுக்கு சார் என்று இழுத்தார். விடாமல் கேட்டபிறகு சொன்னார். ஒருவர் கத்தாரில், இரண்டு பேர் ஊரில், ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. ஒருவர் மட்டும் அல் ஐனிலேயே, சனாயா என்று சொல்லும் தொழிற்பேட்டையில் ஓர் அலுமினியப் பட்டறையில் இருந்தார். என் வீட்டில் இருந்து இருபது நிமிஷம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரேடியோவுக்குப் போகாமல் சனாயாவுக்குப் போனேன். பட்டறைக்கு எதிரே இருந்த மலையாளி டீக்கடையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும், கலகலப்பான ஆள். ஜுபைல்காரருக்குத் தெரிந்தவன் என்று மட்டுமே போனில் சொல்லியிருந்தேன்; நான் யார் என்று சொன்னதும் கண் விரிந்தது. "சாரா நீங்க? உங்க குரல நாங்க ரூம்ல எத்தன நாள் கேட்டுருக்கோம்," என்று எழுந்து நின்று கைகொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இரண்டு சமூசாவும் டீயும் வாங்கிவந்தார்.

ஜுபைல்காரரைப் பற்றிக் கேட்டேன். தங்கமான மனுஷன் சார் என்றார். தனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்ததைச் சொன்னார். "கேமுல மட்டும் கொஞ்சம் கை வப்பாரு. அது ஒண்ணுதான்," என்று சிரித்தார்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த இரண்டு படங்களை மேஜையில் விரித்தேன். ஒரே நொடி, என் திரையில் ஒன்று, பழைய திரையில் ஒன்று. புள்ளியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். புள்ளி ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று டீ கிளாசையும் சமூசாவையும் வைத்து விளக்கினேன். ஜுபைல்காரர் எதையும் மாற்றவில்லை, ஒரு தப்பும் செய்யவில்லை, சின்னத் திரையில் அது இயல்பாகவே தெரியும், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் படங்களைக் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். தலையை ஆட்டினார். என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. எனக்கு நெஞ்சு இலேசானது.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்," என்றார். "இதுக்காக வேல மெனக்கெட்டு இம்புட்டுத் தூரம் வந்து, பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க பாருங்க. யாரு சார் செய்வா?"

இல்லை, அப்படி இல்லை, நடந்ததே இதுதான் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார் சார், நானே சொல்லிவிடுகிறேன் என்றார். நான் கையை நீட்டித் தடுத்தேன். அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, அல் ஐன் சார் இங்கன என் பக்கத்துலதான் இருக்காரு. உங்கள மன்னிச்சுட்டாராம்ணே. பழச எல்லாம் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்றாரு."

போனில் இருந்து அந்த நிதானமான குரல் எனக்கும் கேட்டது.

"சரிப்பா. சாருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிரு."

நான் போனை வாங்குவதற்குள் ஜுபைல்காரர் வைத்துவிட்டார்.